அச்சத்தினும் பெரிய ஆசை

ஏட்டை எடுத்து எழுத அமர்ந்தவுடன், 'இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி?' என்ற அச்சம் நெஞ்சில் எழுகின்றது. இவ்வச்சம் நம் போன்ற எளியவர்க்கு மட்டும் உரியதன்று. பெரியபுராணம் அருளிய தெய்வச் சேக்கிழாருக்கும் அது இருந்தது.

தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் தோன்றிய அப்பெருமான், 12ஆம் நூற்றாண்டில் சோழ மன்னன் அநபாயனுக்கு அமைச்சராக விளங்கியவர். சீவக சிந்தாமணியின் சுவையில் ஆழ்ந்திருந்த மன்னனுக்கு அவர் சிவனடியார்களின் வரலாற்றை எடுத்துரைத்தார். உள்ளம் உருகிய மன்னன், அவ்வரலாற்றைக் காப்பியமாகப் பாடித் தருமாறு வேண்டினான்.

அது எளிய பணியன்று. சுந்தரமூர்த்தி நாயனார் 11 பாடல்களில் அடியார்களின் பெயர்களைத் தொகுத்துப் போற்றியிருந்தார். நம்பியாண்டார் நம்பி அடியார்க்கு ஒரு பாடல் என்ற அளவில் அதனை விரித்திருந்தார். அத்துணைச் சுருக்கமான செய்திகளிலிருந்து 63 நாயன்மார்களின் வாழ்வை முழுமையாகப் பாட வேண்டும். ஒரு சொல் பிழைத்தாலும் அடியார்க்கு அபசாரமாகிவிடுமே! நாட்டுப் பொறுப்பைத் தாங்கிய தோள்களுக்கும் இப்பொறுப்பு பெரிதாகவே இருந்தது.

சேக்கிழார் தில்லையை அடைந்து ஆடவல்லானின் திருமுன் நின்றார். 'உலகெலாம்' என்று இறைவனே அசரீரியாக அடியெடுத்துக் கொடுத்தருளினான் என்பது வரலாறு.

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டிய ஒன்று உண்டு. இறைவன் தந்த சொல்லால் நூலைத் தொடங்கிய பின்னும், சேக்கிழாரின் அச்சம் நீங்கிவிடவில்லை. சில பாடல்கள் கடந்ததும் அவையடக்கம் கூறுகின்றார். பெருங்கடல் முழுவதையும் பருகிவிட விரும்பும் நாயைத் தமக்கு உவமையாக்குகின்றார். அடியார் பெருமை தம் சொல்லுக்கு அடங்காது என அறிந்தும், அளவற்ற ஆசை உந்துவதனால் பாடத் துணிந்ததாகவும் உரைக்கின்றார். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொண்ட கம்பரின் நிலையும் இதுவே.

அச்சம் அகன்ற பிறகு எழுதலாம் என்று இவர்கள் காத்திருக்கவில்லை. அச்சத்தை மறைக்கவும் இல்லை. அதனை நூலின் முகப்பிலேயே வைத்துவிட்டு, அன்பைத் துணைக்கொண்டு மேலே நடந்தார்கள். அவ்வாறு பிறந்த 4,200க்கும் மேற்பட்ட பாடல்கள், தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை ஓராண்டு அரங்கேறின என்பர். இன்று அந்நூல் பன்னிரண்டாம் திருமுறையாக நம் பூசையறையில் வீற்றிருக்கின்றது.

அன்பர்களே! உங்கள் ஊர்த் திருக்கோயிலின் பழைய திருவிழாக்கள், பாட்டி பாடிய ஊஞ்சற்பாட்டு, தேர் ஓடிய நாளின் நினைவுகள் யாவும் உங்கள் நெஞ்சில் உறங்குகின்றன. 'இந்த வயதில் எழுதுவதா?' என்று தயங்கி நின்றால், அவை உங்களோடு மறைந்துவிடும். பேரப்பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்ல வேறு யார் இருக்கின்றார்கள்? முதற்சொல்லை ஆண்டவனிடம் கேளுங்கள். கை நடுங்கினாலும் எழுதத் தொடங்குங்கள்.