லிங்க் சோதனைத் தளங்கள் உள்ளே என்ன செய்கின்றன?

சந்தேகமான லிங்க்கை வைரஸ்டோட்டல் தளத்தில் ஒட்டினால் சில நொடிகளில் பதில் வந்துவிடுகிறது. ஸ்பெயினின் மலாகாவில் 2004-இல் தொடங்கி, 2012-இல் கூகுள் கைக்குப் போன சேவை அது. அந்த நொடிகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பல பாதுகாப்பு நிறுவனங்கள் தொகுத்த தடைப்பட்டியல்களில் அந்த முகவரி இருக்கிறதா என்று தேடுவது. எதிலும் இல்லையென்றால் பூஜ்ஜியம் என்று காட்டும். அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையில் முளைத்த மோசடிப் பக்கம் பட்டியலில் ஏறுவதற்குள் பலருடைய பணம் போயிருக்கும்.

அதனால் நல்ல சேவைகள் பட்டியலோடு நிற்பதில்லை. தனியே ஒதுக்கிய கணினியில் பிரவுசரைக் கொண்டு பக்கத்தைத் திறந்தே பார்க்கின்றன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வந்திருப்பது யார் என்று மோசடிக்காரர்களும் பார்க்கிறார்கள். ஐபி முகவரி ஒரு டேட்டா சென்டருடையது என்று தெரிந்தால், வெற்றுப் பக்கத்தைக் காட்டுவார்கள். அல்லது பிரபலமான வேறொரு தளத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அதே லிங்க்கை அவர்கள் குறிவைத்த நாட்டில், செல்போனில் திறந்தால் போலி வங்கிப் பக்கம் வரும். சேவையை நடத்துபவர்கள் ஐபி முகவரியையும் பிரவுசர் அடையாளத்தையும் மாற்றி மாற்றிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது ஓயாத வேலை.

இன்னொரு பக்கம், ஹேக் செய்யப்பட்ட சிறு கடைக்காரரின் தளம். அதைச் சுத்தம் செய்த பிறகும் பெயர் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தால் அவர் வியாபாரம் படுத்துவிடும். முறையீட்டை உடனே கவனிக்க ஆள் வைக்காத சேவை பாதி வேலையைத்தான் செய்கிறது.

எனக்குப் பெரிய கவலை அந்தரங்கம் பற்றியது. யூஆர்எல்ஸ்கேன் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்த சோதனை முடிவுகளில் பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்குகளும் பகிர்ந்த ஆவணங்களின் லிங்க்குகளும் இருந்ததை 2022-இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். அவற்றில் பல, மனிதர்கள் ஒட்டியவை அல்ல. மின்னஞ்சல் பாதுகாப்புக்காக நிறுவிய மென்பொருள்கள் தாமாகவே அனுப்பியவை. பொதுவில் காட்டுவது பயனர் கேட்டால் மட்டும் நடக்க வேண்டும்.

முகவரியை வெளியே விடாமலும் சோதிக்கலாம். கூகுளின் சேஃப் பிரவுசிங்கில் அதற்கு வழி உண்டு. பிரவுசர் முகவரியை 256 பிட் ஹேஷ் குறியீடாக மாற்றி, அதன் முதல் 32 பிட்டைக் கணினியில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் அந்தத் துண்டு மட்டுமே கூகுளுக்குப் போகிறது. அதே துண்டில் தொடங்கும் ஆபத்தான முகவரிகளின் முழுக் குறியீடுகள் திரும்பி வருகின்றன. கடைசி ஒப்பீட்டைப் பிரவுசரே செய்துகொள்கிறது.