பறி தைத்த கைகள்



கோவையின் பெருமை என்றால் சிறுவாணித் தண்ணீர், பஞ்சாலை, கொங்கு விருந்து என்று சொல்லிப் பழகிவிட்டோம். நகரத்தின் கதையும் 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையிலிருந்துதான் வழக்கமாக ஆரம்பிக்கும். நான் ஆலை வாசலை விட்டுவிட்டு, பஞ்சு விளைந்த தோட்டத்துக் கிணற்றடிக்குப் போகிறேன்.

கொங்கு நாட்டின் பெரும்பகுதி மேட்டு நிலம். நொய்யல் கரையில் நெல் வயல்கள் உண்டு. அங்கே உழைத்தவர்கள் பள்ளர்கள். பேரூர்க் கோயிலில் சிவனும் பார்வதியும் பள்ளனும் பள்ளியுமாக வந்து நாற்று நட்டதாகக் கதை சொல்லி, இன்றும் நாற்று நடவு விழா எடுக்கிறார்கள். வயலில் இறங்கக் கடவுளுக்கு எந்தத் தடையும் இல்லை. வயலில் நின்றவர்கள் கோயிலுக்குள் போவதற்குத்தான் 1947ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டம் தேவைப்பட்டது.

ஆற்றை விட்டு விலகினால் எல்லாம் கிணற்றுப் பாசனம். ஆழமான கிணறு, கவலை, இரண்டு எருது. தண்ணீரை மேலே கொண்டுவந்தது பறி என்னும் தோல் பை. செத்த மாட்டை எடுத்து, உரித்து, தோலைப் பதப்படுத்தி, தைத்துக் கொடுத்தவர்கள் மாதாரிகள் என்று அழைக்கப்பட்ட அருந்ததியர்கள். இரும்புச் சால் வந்த பிறகும் அதன் வால் தோல்தான். பறி கிழிந்தால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் பயிர் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பரவிய கம்போடியாப் பருத்தியும் இப்படிக் கிணற்று நீரில் வளர்ந்ததுதான். ஆலைக்குப் போன அந்தப் பஞ்சில் தோல் தைத்தவரின் உழைப்பும் இருந்தது. அதை எந்த ஆலையின் வரலாற்று மலர் எழுதும்?

1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் செயல்படத் தொடங்கியது. மலிவான மின்சாரம் கிடைத்ததும் ஆலைகள் பெருகின. பின்னர் கிராமங்களுக்கும் கம்பி போனது, கவலை ஓய்ந்தது, பம்புசெட் வந்தது. அந்தப் பம்புசெட்டைச் செய்தே கோவை இன்னொரு பெயர் வாங்கியது. நிலம் வைத்திருந்தவருக்கு மோட்டார் லாபம். நிலமே இல்லாத மாதாரிக்கோ கைத்தொழில் போனது. பண்ணையத்து ஆள் என்ற இடம் மட்டும் மிஞ்சியது. நகரத்துக்கு வந்தவர்களில் பலருக்குத் திறந்திருந்த கதவு துப்புரவுப் பணி. கோவை மாநகராட்சியின் குப்பையையும் சாக்கடையையும் சுமப்பவர்களில் பெரும்பான்மையினர் இன்றும் அருந்ததியர்களே. 2009இல் கிடைத்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கட்டடக் கலைக்கு வருவோம். டவுன்ஹாலைக் காட்டுவார்கள், பழைய தொட்டிக்கட்டு வீடுகளைக் காட்டுவார்கள். அழகானவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் திண்ணை யாருக்கு, வாசல் யாருக்கு, எந்த இடத்தோடு யார் நின்றுவிட வேண்டும் என்பதும் கட்டடக் கலைதான். ஊருக்கும் வளவுக்கும் நடுவே விடப்பட்ட வெற்றிடம்கூட ஒரு கட்டுமானமே. அது கல்லாக எழுந்தால் என்ன ஆகும் என்பதை மேட்டுப்பாளையம் நடூரில் பார்த்தோம். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிய சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுவர் தலித் மக்களின் வீடுகள்மேல் சரிந்து, தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். சுவர் ஆபத்தானது என்று அந்த மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்று அவர்களும் இயக்கங்களும் சொன்னபோது, வெறும் மழை விபத்து என்று முடிக்கப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

சாப்பாட்டிலும் இதே கணக்குதான். கம்பு, சோளம், ராகிக் களி, கொள்ளு எல்லாம் ஒரு காலத்தில் இங்கே எல்லோருக்கும் பொதுவான உணவு. அரிசிச் சோறு நோம்பி நாளுக்கு. வேறுபாடு தானியத்தில் இல்லை, அதை வாங்கும் விதத்தில் இருந்தது. பண்ணையத்துப் பிள்ளைகள் ஆடு மேய்த்துவிட்டு, கொல்லைப்புறத்தில் நின்று, தூக்கி ஊற்றப்படும் பழைய சோற்றுக்குச் சட்டி நீட்டினார்கள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' அப்படிப்பட்ட ஒரு பையனின் நாவல். இன்று நகரத்தில் களியும் கம்மங்கூழும் 'பாரம்பரிய உணவு' என்று விலை ஏறி விற்கின்றன. வளவில் காயப்போட்ட மாட்டுக்கறி உப்புக்கண்டம் மட்டும் எந்தக் கொங்கு விருந்துப் பட்டியலிலும் ஏறவில்லை. டீக்கடையில் தேங்காய்த் தொட்டி போய் இரட்டைக் குவளை வந்தது, அதை எதிர்த்துப் போராடியதும் பல இடங்களில் காகிதக் கப் வந்தது. கப் மாறியதை வைத்துக் கடைக்காரர் மாறிவிட்டார் என்று நம்பிவிடாதீர்கள். பெஞ்சில் யார் உட்கார்கிறார்கள் என்று பாருங்கள்.

அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் 2018 ஜூலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணின் கையால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சாதி இந்துக்கள் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றியதுதான். இயக்கங்கள் தெருவில் இறங்கிய பிறகு மாற்றல் ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. மறித்தவர்களுக்கு அரிசியும் பருப்பும் அரசு கொடுத்தவைதான் என்பது தெரியும். அவர்கள் தடுக்கப் பார்த்தது அவற்றைக் கழுவி உலையில் போட்ட கையை.