மூணாறு கல்விச் சுற்றுலா: மாணவர்கள் காண்பதும் காணத் தவறுவதும்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டு, பூப்பாறை, சின்னக்கானல் வழியாக மூணாறு செல்லும் மலைப்பாதை, தமிழகப் பள்ளி, கல்லூரிகளின் கல்விச் சுற்றுலாப் பேருந்துகள் பயன்படுத்தும் முக்கியப் பாதைகளுள் ஒன்றாகும். கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் போடிமெட்டுக்கும் மூணாறுக்கும் இடைப்பட்ட சுமார் 42 கிலோமீட்டர் சாலை அண்மைக் காலத்தில் அகலப்படுத்தப்பட்டது. ஆனால், கல்விச் சுற்றுலா என்ற பெயரில் புறப்படும் பயணங்களில் பல, தேயிலைச் சரிவுகளின் முன் புகைப்படம் எடுப்பதோடு முடிந்துவிடுகின்றன.

ஆங்கிலேயர் காலத்தில் உருவான நகரம் மூணாறு. 1877-இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடம் இருந்து கண்ணன் தேவன் மலைப் பகுதியை ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்குப் பெற்றார். 1880-இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் இங்கு முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டதாகக் கூறப்படுகிறது. 1897-இல் கண்ணன் தேவன் நிறுவனம் உருவானது.

விளைந்த தேயிலையை மலையிலிருந்து இறக்குவதே தோட்ட உரிமையாளர்களுக்குப் பெரும் சிக்கலாக இருந்தது. இதற்காக 1902-இல் மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டிப்பாதை அமைக்கப்பட்டது. 1908-இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனில் இருந்து கம்பிவடம் மூலம் தேயிலைப் பெட்டிகள் தமிழகப் பகுதியில் உள்ள கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, போடி வழியாகத் தூத்துக்குடி துறைமுகத்தை அடைந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை முற்றிலும் அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவே இல்லை. கேரளத்தில் இன்றும் பேசப்படும் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' இதுவே. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்ததால் அப்பெயர் பெற்றது.

நல்லதண்ணி எஸ்டேட்டில் 2004-இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் வைக்கப்பட்டுள்ளது. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் உள்ள தொழிற்பள்ளியில் 1913-இல் செய்யப்பட்ட சூரியக் கடிகாரமும் இங்குள்ளது. சின்னக்கானலை அடுத்த பெரியகானல் எஸ்டேட்டில் கிடைத்த முதுமக்கள் தாழி, இம்மலையின் வரலாறு ஆங்கிலேயருடன் தொடங்கவில்லை என்பதை உணர்த்துகிறது. மாணவர்கள் அவசரமாகக் கடந்து செல்லும் பொருளும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

தோட்டத்தை உருவாக்கியவர்கள்

வழிகாட்டிகளின் விளக்கங்களில் துரைமார்களின் பெயர்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்களோ, கங்காணிகள் மூலம் அழைத்து வரப்பட்ட தமிழகத் தென் மாவட்டத் தொழிலாளர்கள். அவர்களின் வழித்தோன்றல்களில் பலர் இன்றும் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வசிக்கின்றனர். 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டுத் தாங்களே நடத்திய 'பெண்கள் ஒற்றுமை' போராட்டம் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் லயங்கள் புதைந்து 70 பேர் பலியாகினர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஒரு மாணவருக்கு தேயிலைத் தூள் தயாராகும் முறையைக் காட்டிலும் இவை குறைந்த முக்கியத்துவம் கொண்டவை அல்ல.

சின்னக்கானலில் கற்க வேண்டியது வேறு. யானைகளின் வழித்தடத்தில், நிலமற்ற பழங்குடியினர் 301 குடும்பங்களுக்கு நிலம் வழங்கப்பட்ட '301 காலனி' இங்குதான் உள்ளது. யானைகளுக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் வெளியேறிவிட்டன. 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி இப்பகுதியில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானை, பெரியாறு வனப்பகுதியில் விடப்பட்டு, அடுத்த மாதமே கம்பம் நகருக்குள் நுழைந்ததைத் தமிழக வாசகர்கள் அறிவர்.

விபத்துகளும் விதிகளும்

2025 பிப்ரவரி 19-ஆம் தேதி மாட்டுப்பட்டி அருகே, நாகர்கோவிலில் இருந்து கல்லூரி மாணவர்கள் சுற்றுலா வந்த பேருந்து கவிழ்ந்து 3 மாணவர்கள் உயிரிழந்தனர். முன்னதாக 2022 அக்டோபரில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இருந்து உதகைக்குச் சென்ற பள்ளிச் சுற்றுலாப் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியதில் 5 மாணவர்கள், ஓர் ஆசிரியர் உட்பட 9 பேர் பலியாகினர். அப்பேருந்து மணிக்கு 97 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் சென்றது பின்னர் தெரியவந்தது. அதன்பின், இரவுப் பயணத்தைத் தவிர்ப்பது, பேருந்து குறித்த விவரங்களை முன்கூட்டியே மோட்டார் வாகனத் துறைக்குத் தெரிவிப்பது ஆகியவற்றை கேரள அரசு கண்டிப்பாக வலியுறுத்தி வருகிறது.

சமவெளியில் மட்டுமே பேருந்து ஓட்டிப் பழகிய ஓட்டுநர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எனவே, குறைந்த கியரில் இறங்குவதே மலைப்பாதை வழக்கம். ஒரே நாளில் பல இடங்களைக் காட்ட வேண்டும் என்று போடப்படும் பயணத் திட்டமே வேகத்துக்கு வழிவகுக்கிறது என்பதைக் கல்வி நிறுவனங்கள் கவனத்தில் கொள்வது நல்லது.

தேயிலை அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால், இரவிகுளம் தேசியப் பூங்கா வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடப்படும்.