மீன் தொட்டி கல்லில் ஊதா நிற படலமா? சுரண்டிப் போட்டுடாதீங்க!

சென்னை,

வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு திடீரென்று ஒரு பயம் வரும். வெள்ளையாக இருந்த கல்லில் ரோஜா நிறத்தில் சின்னச்சின்ன புள்ளி தெரியும். கொஞ்ச நாளில் அது ஊதாவாக படரும். கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். நகத்தால் கீறினாலும் வராது. "அய்யோ, தொட்டி கெட்டுப்போச்சே" என்று கல்லை எல்லாம் வெளியே எடுத்து பிரஷ் போட்டு தேய்ப்பவர்கள் உண்டு.

அப்படி செய்யாதீர்கள். அது அழுக்கு இல்லை. தொட்டி நல்லா இருக்கிறது என்பதற்கு கிடைத்த சர்டிபிகேட்டு அது! அதன் பெயர் பவளப்பாசி. சுண்ணாம்புப் பாசி என்றும் சொல்லலாம்.

கொளத்தூரில் வரிசையாக இருக்கும் வண்ண மீன் கடைகளில் நல்ல தண்ணீர் மீன்கள்தான் அதிகம். ஆனாலும் பிள்ளைகள் "நீமோ வேணும்" என்று அடம் பிடித்து, கடல் மீன் தொட்டி பக்கம் வரும் குடும்பங்களும் இருக்கின்றன. காசை கொட்டி தொட்டி வைப்பவர்கள் இந்த பாசியை பற்றி தெரிந்துகொள்வது அவசியம். தெரியாவிட்டால் மீனும் போகும், பணமும் போகும். சில நேரம் கேசு கூட ஆகிவிடும். அதன் விவரம் வருமாறு:-

உடம்பே சுண்ணாம்பு

பார்க்க பெயிண்ட் அடித்த மாதிரி இருந்தாலும் இது உயிருள்ள தாவர இனம். சிவப்பு பாசி வகையை சேர்ந்தது. சாதாரண பச்சை பாசி வழவழ என்று இருக்கும். இது கல் மாதிரி கெட்டியாக இருக்கும். காரணம், தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தை எடுத்து தன் உடம்புக்குள்ளேயே சுண்ணாம்பாக மாற்றிக்கொள்கிறது.

கடலில் இதற்கு பெரிய வேலை உண்டு. கொத்தனார் செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட் பூசுவது போல, உடைந்த பவளத் துண்டுகளை எல்லாம் ஒட்டி ஒரே பாறையாக்குவது இந்த பாசிதான். பவளப் பூச்சிகளின் குஞ்சுகளில் பல, இந்த பாசி இருக்கும் இடமாக தேடித்தான் வந்து உட்காருகின்றன.

என்ன வேண்டும்?

சுண்ணாம்பு கட்டும் பாசி என்பதால் அதற்கு சரக்கு வேண்டும். 1 லிட்டர் தொட்டி தண்ணீரில் கால்சியம் 400 முதல் 450 மில்லி கிராம் வரையும், மக்னீசியம் 1,250 முதல் 1,350 மில்லி கிராம் வரையும் இருக்க வேண்டும். காரத்தன்மை 8 முதல் 11 டி.கே.எச். இருந்தால் நல்லது. உப்பு லிட்டருக்கு சுமார் 35 கிராம். சூடு 25 முதல் 27 டிகிரி. நம்ம ஊர் வெயிலுக்கு கோடையில் தண்ணீரை குளிர வைக்க மெஷின் இல்லாமல் முடியாது.

இவற்றை அளந்து பார்க்க டெஸ்ட் கிட் கிடைக்கிறது. அளக்காமல் கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றக்கூடாது.

தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீர் ஊற்றுவது பலர் செய்யும் தவறு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே நிற்கும். எனவே வற்றிய அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம்.

தீனியை அள்ளி அள்ளி போட்டாலும் ஆபத்து. மிச்சம் அழுகி பாஸ்பேட் ஏறும். பாஸ்பேட் ஏறினால் பச்சை பாசி கொண்டாட்டமாக வளரும், சுண்ணாம்புப் பாசி படுத்துவிடும்.

வெற்றிலை சுண்ணாம்பு வேண்டாம்

"சுண்ணாம்புதானே, வெற்றிலைக்கு தடவுறதை கொஞ்சம் கரைச்சு ஊத்திட்டா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். மொத்தமாக ஊற்றினால் தண்ணீரின் காரம் ஒரேயடியாக ஏறி மீன்கள் செத்து மிதக்கும். தொட்டிக்கென்று விற்கும் சுத்தமான சுண்ணாம்பு பவுடரையே அனுபவசாலிகள் சொட்டு சொட்டாகத்தான் விடுகிறார்கள்.

அதே போல விளக்கு அதிகம் போட்டால் சீக்கிரம் வளரும் என்பதும் தப்பு. பகாமா தீவுகள் அருகே 268 மீட்டர் ஆழத்து இருட்டில் கூட இந்த வகை பாசி இருக்கிறது. திடீரென்று பளீர் வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும். ஊதா போய் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அந்த இடத்தில் பாசி செத்துவிட்டது என்று அர்த்தம். உடனே தண்ணீரை அளந்து பாருங்கள்.

கடல் கல் வாங்கினால் ஜெயில்

பாசி வளர மாதக்கணக்கில் ஆகும். இங்கேதான் சிக்கல். பொறுமை இல்லாதவர்களிடம், "ராமநாதபுரம் கடல்ல எடுத்த கல்லு சார், ஏற்கனவே கலர் புடிச்சிருக்கு" என்று சொல்லி தள்ளிவிடப் பார்ப்பார்கள். உஷார்!

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை சுற்றியுள்ள பகுதி 1986-ம் ஆண்டு கடல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகள் 2001-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. மீறினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில், குறைந்தது ரூ.25 ஆயிரம் அபராதம். "செத்த கல்லுதானே" என்று சொல்லி தப்ப முடியாது.

ஒரு காலத்தில் தூத்துக்குடி பக்கம் சுண்ணாம்புக்காக பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அதில் பட்ட காயமே இன்னும் ஆறவில்லை. 2010, 2016-ம் ஆண்டுகளில் கடல் சூடாகி அங்குள்ள பவளங்கள் வெளுத்தன. மிச்சம் இருப்பதையும் நம் வீட்டு தொட்டிக்காக பெயர்த்து எடுக்கலாமா?

வழி இருக்கு

செராமிக்கில் செய்த செயற்கை கல் வாங்கி போடுங்கள். ஏற்கனவே தொட்டி வைத்திருக்கும் நண்பர் கண்ணாடியை சுரண்டும்போது விழும் ஊதா பொடியை கொஞ்சம் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் தூவுங்கள். பாசி ஒட்டிய ஓட்டோடு ஒரு நத்தை கிடைத்தாலும் போதும். விதை விழுந்த மாதிரிதான்.

பிறகு தண்ணீரை ஒரே சீராக வைத்துவிட்டு காத்திருங்கள். முன்பக்க கண்ணாடியை மறைத்தால் அதை மட்டும் பிளேடால் சுரண்டுங்கள். பிளாஸ்டிக் தொட்டி என்றால் பிளாஸ்டிக் பட்டைதான், பிளேடு பட்டால் கீறல் விழும். கல்லில் இருப்பதை தொடாதீர்கள்.

ஒருநாள் காலையில் கல் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு ரோஜா புள்ளி தெரியும். அன்றைக்கு தொட்டிக்காரர் பாஸ்!