மேலே கூரை இல்லை... முன் சீட்டில் பயணி, பின் சீட்டில் பைலட்!

இங்கிலாந்தின் டக்ஸ்போர்டு விமானதளத்தில் காசு கொடுத்தால் 'டைகர் மாத்' விமானத்தில் பறக்கலாம். 1931-ல் முதலில் பறந்த ரகம். 2-ம் உலகப்போர் பைலட்டுகள் ஆயிரக்கணக்கில் பழகியது இதில்தான். இரட்டை இறக்கை, மேலே துணி, 130 குதிரைசக்தி இன்ஜின். அவ்வளவுதான்!

செல்ப் ஸ்டார்ட் எல்லாம் கிடையாது. ஒருவர் முன்னால் நின்று விசிறியை கையால் சுற்றிவிட வேண்டும். சட்டென்று விலகாவிட்டால் ஆள் காலி!

தனியாக ஓட்டினால் எடை சரியாக நிற்க பைலட் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். அதனால் பயணிக்கு முன்சீட்.

தோல் தொப்பி, கண்ணாடி மாட்டி பெல்ட்டை இறுக்குகிறார்கள். மணிக்கு சுமார் 145 கி.மீ. வேகம், காற்று முகத்தில் அறையும்.

பாக்கெட்டில் சில்லறை, செல்போன் கூடாது. பஸ்சில் விழுந்தால் குனிந்து தேடலாம். இங்கே கன்ட்ரோல் கம்பியில் சிக்கினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.