டார்வின் வீட்டுக் கணக்கு

எம்மா வென்றது 2,490. சார்லஸ் வென்றது 2,795.

1876 ஜனவரியில் சார்லஸ் டார்வின், அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் உள்ள கணக்கு இது. இரவுதோறும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஆடிய பேக்கேமன் ஆட்டத்தின் வெற்றித் தொகை. கூட்டினால் 5,285 ஆட்டங்கள். ஓர் இரவுக்கு இரண்டு ஆட்டம் என்பது அந்த வீட்டு வழக்கம். ஒரு நாள்கூட விடாமல் ஆடியிருந்தாலும் ஏழு ஆண்டுக்கு மேல் வருகிறது. டார்வின் அடிக்கடி படுக்கையில் விழுகிறவர். ஆகவே நிஜத்தில் இன்னும் நீண்ட காலமாகவே இருக்கும். நூற்றுக்கு 53 ஆட்டம் தன் பக்கம் என்பதை அவர் குதூகலமாக எழுதியிருக்கிறார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, தோற்ற ஆட்டங்களையும் விடாமல் எண்ணி வைத்திருந்தார் என்பதுதான்.

எதையும் எண்ணி எழுதி வைக்கிற மனிதர் அவர். வீட்டு வரவு செலவையும் கல்யாணமான ஆண்டு முதல் கணக்குப் புத்தகத்தில் எழுதி வந்தார். கல்யாணம் செய்வதா வேண்டாமா என்பதையே 1838இல் ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தவர். வேண்டாம் என்ற பக்கத்தில் புத்தகம் வாங்கக் காசு குறையும், நேரம் போகும் என்றெல்லாம் இருந்தது. வேண்டும் என்ற பக்கத்தில் குழந்தைகளும் முதுமைத் துணையும். தீர்ப்பு கல்யாணத்துக்குக் கிடைத்தது. 1839 ஜனவரி 29 அன்று தாய்மாமன் மகள் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். அவருக்கு வயது 29, எம்மாவுக்கு 30.

பெண் வீட்டார் கொடுத்தது 5,000 பவுண்டு, அதோடு ஆண்டுக்கு 400 பவுண்டு. டார்வினின் தந்தை கொடுத்தது 10,000 பவுண்டு. சம்பள வேலைக்குப் போகாமல் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிற தகப்பனாக அவரால் வாழ முடிந்ததற்கு இந்தத் தொகைகள்தான் அடித்தளம். இதை மறைத்துவிட்டு அவருடைய பாசத்தை மட்டும் பேசுவது சரியாகாது. 1842இல் கென்ட் மாவட்டத்து டவுன் கிராமத்தில் சுமார் 2,200 பவுண்டுக்கு 18 ஏக்கரோடு ஒரு வீடு வாங்கினார்கள். பீகிள் கப்பலில் ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக உலகைச் சுற்றியவர், அதன் பிறகு பிரிட்டனை விட்டு வெளியே போகவே இல்லை. அந்த ஒரே வீட்டில் 39 ஆண்டுக்கு மேல் இருந்தார்.

400 என்ற எண் மறுபடி ஒருமுறை வருகிறது. 1844 ஜூலை 5 அன்று எம்மாவுக்கு அவர் ஒரு கடிதம் எழுதி வைத்தார். தான் திடீரென்று இறந்துவிட்டால், உயிரினங்களின் தோற்றம் பற்றி எழுதி முடித்திருக்கும் கட்டுரையை வெளியிட 400 பவுண்டு ஒதுக்க வேண்டும். தகுந்த ஒருவரைப் பதிப்பாசிரியராக அமர்த்த வேண்டும். எம்மா ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுள்ளவர். கணவருடைய சிந்தனை போகும் திசை மறுமையில் இருவரையும் பிரித்துவிடுமோ என்று கல்யாணமான புதிதிலேயே அஞ்சிக் கடிதம் எழுதியவர். அந்தக் கருத்துக்குத் தானே வாரிசுப் பொறுப்பாளர் என்று நியமிக்கப்பட்டபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் டார்வின் அதை வேறு யாரிடமும் ஒப்படைக்கவில்லை. கொள்கையில் தன்னோடு முரண்பட்டவரிடம்தான் வாழ்நாள் உழைப்பை நம்பி விட்டார். அந்தத் தாம்பத்தியத்தின் அளவு இந்த ஓர் ஏற்பாட்டில் தெரிகிறது.

குழந்தைகள் பத்து. முதல் பிள்ளை வில்லியம் 1839 டிசம்பரில், கடைசிப் பிள்ளை 1856 டிசம்பரில். அப்போது எம்மாவுக்கு வயது 48. வளர்ந்து ஆளானவர்கள் ஏழு பேர்.

டார்வினின் பிற்கால நாள் ஒழுங்கை மகன் பிரான்சிஸ் குறித்து வைத்திருக்கிறார். காலை 8 முதல் 9.30 வரையும் 10.30 முதல் 12 வரையும் ஆராய்ச்சி. மொத்தம் மூன்று மணி நேரம். மீதி நேரத்தில் நடை, கடிதங்கள், ஓய்வு, எம்மா வாசிக்கக் கதை கேட்பது. நோய்தான் முக்கியக் காரணம். ஆனால் அந்த ஓய்ந்த நேரம் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கு வயது மகன் ஒருவன், வேலை நேரத்தில் வெளியே விளையாட வந்தால் ஆறு பென்ஸ் தருவதாக அப்பாவிடம் பேரம் பேசியிருக்கிறான். ஒரு பவுண்டில் நாற்பதில் ஒரு பங்கு. ஆராய்ச்சியிலும் பிள்ளைகளுக்கு இடமுண்டு. ஆண் வண்டுத்தேனீக்கள் எந்த வழியாகப் பறக்கின்றன என்று கண்டுபிடிக்க, ஐந்தாறு பிள்ளைகளை ஆங்காங்கே நிறுத்தி வைத்துக் கண்காணித்தார்.

மூன்று பிள்ளைகளை இழந்தார்கள். மேரி எலினோர் 1842இல் மூன்று வாரக் குழந்தையாக. சார்லஸ் வேரிங் 1858 ஜூன் 28 அன்று, ஒன்றரை வயதில், செங்காய்ச்சலில். மூன்றாம் நாள், ஜூலை 1 அன்று, லண்டன் லின்னேயன் சங்கத்தில், இயற்கைத் தேர்வு பற்றி டார்வினும், தனியாக அதே கருத்துக்கு வந்திருந்த வாலஸும் எழுதிய கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. அறிவியல் வரலாறு கொண்டாடும் அந்த நாளில் டார்வின் சபையில் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இருந்தார்.

ஆனி பத்து வயது வரை வளர்ந்தவள். 1851இல் நீர்ச் சிகிச்சைக்காக மால்வெர்ன் ஊருக்கு அழைத்துப் போனார்கள். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, போக முடியவில்லை. படுக்கையருகே டார்வினே இருந்து, மகளின் நிலையைக் கடிதம் கடிதமாக எம்மாவுக்கு எழுதினார். ஏப்ரல் 23 அன்று ஆனி இறந்தாள். அடக்கத்துக்குக்கூட நிற்காமல் மறுநாளே எம்மாவிடம் புறப்பட்டுவிட்டார். சரியாக ஒரு வாரத்தில், ஏப்ரல் 30 அன்று, மகளைப் பற்றித் தன் நினைவிலிருந்த அத்தனையையும் எழுதி வைத்தார். இரண்டு வாரம் போய் ஹொரஸ் பிறந்தான்.

1876இல் 67 வயதில் தாத்தாவானார். செப்டம்பர் 7 அன்று பேரன் பெர்னார்டு பிறந்தான். நான்கு நாளில் தாய் போய்விட்டாள். மனைவியை இழந்த பிரான்சிஸ் கைக்குழந்தையோடு டவுன் வீட்டுக்கே வந்துவிட, கடைசிப் பிள்ளை பிறந்து 20 ஆண்டு கழித்து அந்த வீட்டில் மறுபடி தொட்டில் ஆடியது. தாயில்லாத அந்தப் பேரன் வளர்ந்து, கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றான்.

1882 ஏப்ரல் 19 அன்று, 73 வயதில், டார்வின் காலமானார். தாம்பத்தியம் 43 ஆண்டு. டவுன் கிராமத்துத் தேவாலயத்தில், மேரியும் சார்லஸ் வேரிங்கும் கிடக்கும் மண்ணிலேயே புதைக்கப்பட வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் 20 பேர் மனுக் கொடுத்து, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய ஏற்பாடாயிற்று. எம்மா அங்கே போகவில்லை. 1896இல் அவர் இறந்தபோது கிராமத்திலேயே புதைக்கப்பட்டார்.

பெர்னார்டு பிறப்பதற்குச் சற்று முன்பு, பெரும்பாலான பிற்பகல்களில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, டார்வின் தன் வரலாற்றை எழுதியிருந்தார். பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் என்று குறிப்பிட்டு எழுதியது அது. 1887இல் பிரான்சிஸ் வெளியிட்டபோது, எம்மாவின் மனம் நோகும் மதம் பற்றிய பகுதிகள் நீக்கப்பட்டன. பல ஆண்டுகளுக்குப் பின், ஏறத்தாழ 6,000 சொற்களைத் திரும்பச் சேர்த்து 1958இல் முழு நூலாக வெளியிட்டவர் நோரா பார்லோ. ஹொரஸின் மகள், தாத்தா மறைந்து மூன்று ஆண்டு கழித்துப் பிறந்த பேத்தி. கல்யாணமான புதிதில் எம்மா எழுதிய அந்தப் பழைய கடிதத்தையும் அதே நூலில் சேர்த்தார். அதன் கீழே டார்வின் தன் கையால் எழுதியிருந்ததும் அச்சில் வந்தது: இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று எம்மாவுக்குச் சொல்லும் குறிப்பு. அத்தனையையும் எண்ணியவர், அந்த முறைகளுக்கு மட்டும் எண் போடவில்லை.