கறுத்த எண்ணெய், நுரைத்த செல்

சாயங்காலம் பஜ்ஜி வாங்கப் போனால் முதலில் சட்டியைப் பாருங்கள். எண்ணெய் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கிறதா? மாவு போடுமுன்பே புகைகிறதா? பஜ்ஜியை எடுத்த பிறகும் ஓரத்தில் நுரை அடங்காமல் நிற்கிறதா? அது பலமுறை காய்ந்து கெட்டுப்போன எண்ணெய். வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

காயக் காய எண்ணெயிலுள்ள கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து உருமாறுகிறது. சாப்பிட்டால் அதில் ஒரு பகுதி ரத்தத்துக்குப் போகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். துகள்களும் ரத்தக்குழாய்ச் சுவரில் சிக்கி இதேபோல் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் அதை விரைவுபடுத்தும்.

உடம்பின் துப்புரவுப் பணியாளர்கள் மேக்ரோபேஜ் செல்கள். கெடாத எல்.டி.எல்.லை அவை அளவோடுதான் எடுத்துக்கொள்ளும். உள்ளே கொலஸ்ட்ரால் சேர்ந்ததும் அது நுழையும் வாசல்கள் குறைந்துவிடும். கெட்டுப்போன எல்.டி.எல். நுழைவதோ வேறு வாசல்கள் வழியாக. சிடி36 அவற்றில் ஒன்று. அதற்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. கொடுமை என்னவென்றால், உள்ளே போன ஆக்சிஜனேற்றக் கொழுப்பு அமிலங்களே இன்னும் சிடி36 உண்டாக்கும்படி செல்லைத் தூண்டுகின்றன. மிஞ்சிய கொலஸ்ட்ராலைக் கொழுப்பு அமிலத்தோடு பிணைத்துத் துளித்துளியாகச் சேர்த்து வைக்கிறது செல். நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல்.லிடம் கொடுத்து வெளியேற்றவும் வழி உண்டு. வரத்து அதிகமானால் அது ஈடுகொடுக்காது. கொழுப்புத் துளிகள் நிறைந்த செல் நுண்ணோக்கியில் சோப்பு நுரைபோலத் தெரிவதால் அதற்கு ‘நுரை செல்’ என்றே பெயர். இவை செத்துக் குவிந்த கொழுப்புப் படிவு ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. எண்ணெய் கெடக் கெடப் பெருகும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்க 2018 ஜூலை 1 முதல் தடை. பொரிக்க மட்டும் தினமும் 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் கழித்த எண்ணெய்க்குக் கணக்கு வைக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது: வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே பரிசோதிக்கக் கொடுக்கலாம். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். புகாருக்கு 1800-11-2100.

தள்ளுவண்டிக்காரர் பிழைப்பும் முக்கியம்தான். கழித்த எண்ணெயை பயோடீசலுக்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதை அவரிடம் சொல்லுங்கள்.

வீட்டிலும் இதே கவனம் வேண்டும். அப்பளம் பொரித்த எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். பழைய எண்ணெயோடு புதிதை ஊற்றிக் கலக்காதீர்கள்.